வீட்டிலிருந்தே வேலை செய்யும் 14 பேர்: ஒரு நாள் கூடுவதா, காசைப் பிரித்துக்கொள்வதா?

#1 வெயிலூரான் (சத்துவாச்சாரி)

எங்கள் டீமில் 14 பேர். "எல்லாரும் ஒரு தடவை நேரில் கூடுங்கள்" என்று மேலிடத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். டீமில் பாதிப் பேர், கூடவே வேண்டாம், காசைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். ஆளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் வரும். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே வந்தேன்.

எங்களுடையது மெடிக்கல் கோடிங். தெரியாதவர்களுக்காக: அமெரிக்க மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு என்னென்ன பார்த்தார்கள் என்ற சார்ட் வரும். அதைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு, அதாவது குறியீட்டு எண், போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும். நாங்கள் போட்டதில் கொஞ்சம் எடுத்து ஆடிட்டர் சரிபார்ப்பார். 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வகுப்பு எடுப்பார்கள்.

2020 மார்ச்சில் எல்லாரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அடுத்த வருஷம் சென்னை ஆபீஸைக் காலி செய்துவிட்டார்கள். இப்போது ஒருத்தர் குடியாத்தம், ஒருத்தர் ஆம்பூர், ஒருத்தர் ஆரணி, ஒருத்தர் திருப்பத்தூர். சித்தூரில் ரெண்டு பேர். மேப்பில் புள்ளி வைத்துப் பார்த்தால் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் அப்படியே வருகிறது. 1911 வரை சித்தூரும் இதில்தானே இருந்தது! 1989இல் ஒருமுறை, 2019இல் ஒருமுறை என்று சர்க்கார் பிரித்த மாவட்டத்தை நாங்கள் ஹெட்செட் போட்டுக்கொண்டு ஒன்றாக வைத்திருக்கிறோம்.

14 பேரில் 6 பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. வீடியோவில் இன்டர்வியூ, வீடியோவில் டிரெயினிங். அதில் ஒரு பெண் கேமரா போட்டதே இல்லை. ரோட்டில் எதிரே வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

மேலிடத்துக்கு ஏலகிரி, ரெண்டு நாள் என்று யோசனை. என்ன சொல்கிறீர்கள்?

#2 பாலாறு_மணல்

பிரித்துக் கொடுத்துவிடுங்கள். புண்ணியமாகப் போகும்.

போன வருஷம் எங்கள் கம்பெனி ஒரு மலை ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனது. எந்த மலை, எந்த ரிசார்ட் என்று சொல்லமாட்டேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் போச்சு. எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சு டி-ஷர்ட். எனக்குக் கிடைத்தது எக்ஸ்எல், நான் 52 கிலோ. விளையாட்டு நடத்த வெளியிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வந்திருந்தார்கள். அவர் மைக்கை வைத்துக்கொண்டு, "உங்களுக்குள் இருக்கும் புலியை வெளியே விடுங்கள்" என்றார். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டுமாம், கூட வேலை செய்பவர் தாங்கிப் பிடிப்பாராம். என்னைத் தாங்க வேண்டியவர் அக்கவுண்ட்ஸ்காரர். என் பயணப்படி பில்லையே மூன்று மாதமாகத் தாங்கிப் பிடித்து வைத்திருந்த மனுஷன்.

ராத்திரி கேம்ப் ஃபயர். மேனேஜர் பாடினார். திங்கட்கிழமை காலை ஏழு மணி ஷிப்டுக்கு அத்தனை பேரும் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்தோம். அப்புறம் அந்த அக்கவுண்ட்ஸ்காரருக்கும் எனக்கும் நட்பு வளர்ந்ததா என்று கேட்காதீர்கள்.

வேலை ஒழுங்காக நடக்கிறதா? ஆமாம் என்றால் எதற்கு இந்தக் கூட்டம்?

#3 ஜங்ஷன்_காபி (காட்பாடி)

மணல் சொல்வது மோசமாக நடத்தப்பட்ட டூரின் கதை. கல்யாணச் சாப்பாட்டில் சாம்பார் ஊசிப்போனால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா?

நான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து புரோகிராம் எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போய் டீமோடு ஒரு நாள் இருந்துவிட்டு வருவேன். போகும்போதெல்லாம் எதற்கு இந்த அலைச்சல் என்று தோன்றும். திரும்பும்போது தோன்றாது.

வேர்ட்பிரஸ் டாட் காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கியதிலிருந்தே ஆட்கள் நாடு நாடாகச் சிதறித்தான் வேலை செய்கிறார்கள். தொலைவேலை என்ற பேச்சு ஊரில் அடிபடுவதற்கு 15 வருஷம் முன்னால். அவர்களே எல்லாரையும் ஆண்டுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூட்டும் வழக்கம் வைத்திருந்தார்கள். ஆபீஸ் வாடகை மிச்சம், அதில் கொஞ்சத்தை ஒன்றாகச் சேர்ந்திருக்கச் செலவழிப்போம் என்ற கணக்கு.

இன்னொன்று. 2022இல் நேச்சர் இதழில் மெலனி ப்ரக்ஸ், ஜோனதன் லெவாவ் என்று ரெண்டு பேர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜோடி ஜோடியாக ஆட்களை உட்காரவைத்து, ஒரு பொருளை எப்படியெல்லாம் புதுசாகப் பயன்படுத்தலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். பாதி ஜோடிகள் நேரில், பாதி ஜோடிகள் வீடியோவில். நேரில் இருந்தவர்களுக்குத்தான் அதிக யோசனை வந்தது. வீடியோவில் இருந்தவர்களின் கண் திரையிலேயே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. கண் கட்டுப்பட்டால் யோசனையும் கட்டுப்படுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். நேரில் பேசும்போது ஜன்னலைப் பார்க்கிறோம், சுவரைப் பார்க்கிறோம். அப்படி அலையும்போதுதான் ஏதாவது தட்டுப்படும்.

#4 பாலாறு_மணல்

அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். மீதிப் பாதியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். வந்த யோசனைகளில் எது நல்லது என்று தேர்ந்தெடுப்பதில் வீடியோக்காரர்கள் எந்த வகையிலும் குறைந்து போகவில்லை. வெயிலூரான் டீமின் வேலை என்ன? சார்ட்டைப் படித்து, இருக்கிற கோடுகளில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது. புதுசாக யோசித்துக் கோடு போட்டால் வேலை போய்விடும்!

உங்களுக்கு ஆய்வு வேண்டுமென்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் சீனாவின் பயண நிறுவனம் ஒன்றில் கால் சென்டர் ஆட்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யவைத்துப் பார்த்தார். வேலை 13 சதவீதம் கூடியது. குறையவில்லை, கூடியது.

#5 ஜங்ஷன்_காபி (காட்பாடி)

மீதிப் பாதியை விடுவதில் நீங்களும் சளைத்தவரில்லை. ஒன்பது மாதம் முடிந்ததும், தொடர்ந்து வீட்டிலேயே இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்கே வருகிறோம் என்று திரும்பிவிட்டார்கள். வேலை கூடியது, தனிமையும் கூடியது.

#6 குடியாத்தம்_அக்கா

ஆய்வுச் சண்டையை நீங்கள் ரெண்டு பேரும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை என்னவோ 2020இல் வந்த மாதிரிப் பேசுகிறீர்கள். எங்கள் அம்மா முப்பது வருஷம் வீட்டிலிருந்துதான் வேலை செய்தார். பீடி சுருட்டினார். எங்கள் பக்கம் பீடி, லுங்கித் தறி எல்லாமே வீட்டு வேலைதான்.

ராத்திரியே இலையை நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவார். காலையில் தகடு வைத்துக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டுவார். அதை வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து செய்வார். ஆனால் சுருட்டுவது மட்டும் எங்கள் தெரு மூலைவீட்டுத் திண்ணையில். ஆறேழு பெண்கள், மடியில் ஆளுக்கொரு முறம், முறத்தில் தூள். கை தன்பாட்டில் சுருட்டிக்கொண்டிருக்கும், வாய் தன்பாட்டில் பேசிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே உட்கார்ந்து சுருட்டக்கூடாதா என்று அப்பா கேட்பார். "தனியா குந்தினா ஐந்நூறு, அங்க குந்தினா ஆயிரம், இன்னா சொல்ற?" என்பார் அம்மா.

அந்தத் திண்ணையில்தான் எல்லாச் சங்கதியும். இந்த வாரம் இலை மட்டமாக வந்திருக்கிறது, அதனால்தான் கடைக்காரர் நிறையக் கழிக்கிறார், உன் கை கெட்டுப்போகவில்லை என்று ஒருத்தி சொல்வாள். தனியாக இருந்திருந்தால் அம்மா தன்மேல்தான் தப்பு என்று நினைத்திருப்பார். கழிப்பது அநியாயம் என்று ஏழு பேரும் சேர்ந்து கடைக்குப் போன நாளும் உண்டு. சரக்குப் போட அவரவர் தனியாகப் போயிருந்தால் அது நடந்திருக்குமா?

நானும் இப்போது வீட்டிலிருந்துதான் வேலை, ஒரு கம்பெனிக்கு டேட்டா எண்ட்ரி. திண்ணை மட்டும் இல்லை. போன மாதம் என் எர்ரர் கூடிப்போய் இன்சென்டிவ் வெட்டினார்கள். பத்து நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சாஃப்ட்வேரில் ஏதோ மாற்றி எல்லாருக்குமே எர்ரர் கூடியிருக்கிறது. எல்லாரும் என்னைப் போலவே தனித்தனியாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதனால் கூடுங்கள் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஏலகிரி வேண்டாம் தம்பி. ரெண்டு நாள், ராத்திரித் தங்கல் என்றால் உங்கள் டீமில் எத்தனை பெண்கள் வர முடியும்? முதலில் அதை எண்ணுங்கள். நான் வீட்டில் கேட்டால், "ஆபீஸ் வேலையா, ஊர் சுத்தவா?" என்பார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது? கல்யாணமாகாத பெண் என்றால் கேட்கவே வேண்டாம். அவர்கள் "எனக்கு மலை ஒத்துக்காது" என்று சாக்குச் சொல்வார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

#7 ஹேர்பின்_14 (ஏலகிரி)

மலைக்காரன் என்ற முறையில் ஒரு தகவல். 14 வளைவு, ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ்ப் புலவர் அல்லது வள்ளல் பேர் எழுதியிருக்கும். மேலே வரும் ஆபீஸ் பஸ்களில் பாதிக்கு, பாரியும் கபிலரும் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்த இடங்களாகத்தான் நினைவிருக்கும்.

குடும்பத்தோடு வாருங்கள். ஆபீஸோடு வந்தால் சனி, ஞாயிறு வேண்டாம், ரூம் ரேட் எகிறும்.

#8 வெயிலூரான் (சத்துவாச்சாரி)

அக்கா சொன்னபடி எண்ணினேன். 14இல் 9 பேர் பெண்கள். ராத்திரி தங்க முடியும் என்று தயங்காமல் சொன்னவர்கள் ரெண்டே பேர். "மலை ஒத்துக்காது" என்று ஒருத்தர் உண்மையிலேயே எழுதியிருந்தார், சத்தியமாக.

காசைப் பிரிக்கச் சொன்னவர்கள் யார் யார் என்றும் பார்த்தேன். பெரும்பாலும் வர முடியாதவர்கள்தான். "எங்களால் வர முடியாது" என்று சொல்வதற்குப் பதில் "காசு கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது உறைக்கவே இல்லை.

#9 தோல்_ஷாப் (ராணிப்பேட்டை)

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் 22 வருஷம் சூப்பர்வைசர், இப்போது ஓய்வு. ஒரே கூரைக்குக் கீழே உட்காரவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் (தைத்த மேல்தோலை அச்சில் இழுத்துப் பொருத்துவது) என்று வரிசையாக இருக்கும். ஸ்டிச்சிங்கில் தையல் ஒரு நூல் உள்ளே தள்ளிப் போனால் லாஸ்டிங்கில் இழுக்கும்போது மேல்தோல் கோணிக்கொள்ளும். லாஸ்டிங்காரன் ஸ்டிச்சிங்கைத் திட்டுவான். ஸ்டிச்சிங்காரி கட்டிங்கைத் திட்டுவாள். ரெண்டு பேருக்கும் நடுவே நாற்பது அடிதான். வருஷக்கணக்கில் ஒருத்தர் மெஷினை ஒருத்தர் எட்டிப் பார்த்ததில்லை. கேன்டீனில்கூட செக்‌ஷன் செக்‌ஷனாகத்தான் உட்காருவார்கள்.

ஒருநாள் ஆத்திரத்தில் ஒரு லாஸ்டிங் பையனைக் கூட்டிப்போய் ஸ்டிச்சிங்கில் ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். பேசக்கூடச் சொல்லவில்லை, பார் என்று மட்டும்தான் சொன்னேன். வந்து, "சார், அந்த அம்மாவுக்கு மார்க்கிங் கோடே தெரியல, கறுப்புத் தோல் மேல கறுப்புக் கோடு போட்டு அனுப்புறாங்க" என்றான். வெள்ளிக் கலர் பேனா வாங்கிக் கொடுத்தோம். செலவு முப்பது ரூபாயோ என்னவோ.

கூடினால் சும்மா பாட்டுப் பாடாதீர்கள். ஒருத்தர் வேலையை ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வழி செய்யுங்கள்.

#10 ஜங்ஷன்_காபி (காட்பாடி)

தோல்_ஷாப் ஐயா சொல்வதற்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் ஆராய்ச்சிக் கூடங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று எண்ணினார். மேஜைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூடப் பேச்சு சடசடவென்று விழுகிறது. ஐம்பது மீட்டர் தாண்டிவிட்டால் அடுத்த கட்டடத்தில் இருந்தாலும் ஒன்றுதான், அடுத்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான். ஆபீஸ் இருந்த காலத்திலேயே நாம் பாதித் தொலைவேலைதான் செய்துகொண்டிருந்தோம் என்று சொல்லலாம்.

#11 பேசாமடந்தை

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு எழுதியே ஆக வேண்டும்.

எனக்குத் திக்குவாய். ஆபீஸ் இருந்த காலத்தில் மீட்டிங்கில் நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் என் வாக்கியத்தை முடித்துவிடுவார், அதுவும் தப்பாக. வீட்டிலிருந்து வேலை வந்த பிறகு எல்லாம் சாட்டில்தான். சாட்டில் எனக்குத் திக்காது. இந்த நாலு வருஷத்தில் ரெண்டு பிரமோஷன் வாங்கியிருக்கிறேன்.

நேரில் கூடினால்தான் மனசு விட்டுப் பேச முடியும் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். யாருக்கு? குரல் பெரிசாக இருப்பவர்களுக்கு. "இப்போது ஒவ்வொருத்தராக எழுந்து உங்களைப் பற்றி ரெண்டு வார்த்தை" என்று ஒருத்தர் ஆரம்பிப்பாரே, அந்த வட்டம் என்னை நோக்கி வரும்போது எனக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

#12 வெயிலூரான் (சத்துவாச்சாரி)

#11க்கு: நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். அறிமுக வட்டம் கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன். அதுமட்டும் போதாது என்று தெரிகிறது, வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மேலிடத்தில் பேசி இப்படி முடிவு: ஏலகிரி ரத்து. ஒரு செவ்வாய்க்கிழமை, காட்பாடியில் ஒரு மினி ஹால், காலை பத்திலிருந்து நாலு மணி வரை. அது வேலை நாளாகவே கணக்கில் வரும், டார்கெட் கிடையாது. ஜங்ஷன் பக்கத்திலேயே என்பதால் ஆம்பூர்க்காரருக்கும் சித்தூர்க்காரர்களுக்கும் ரயில் இருக்கிறது. போக்குவரத்துச் செலவு கையில். எல்லாரும் இருட்டுவதற்குள் வீடு போய்விடலாம். மொத்தச் செலவு முப்பதாயிரத்தைத் தாண்டாது, மீதியை வைத்து இன்னும் மூன்று தடவை கூடலாம். அக்கவுண்ட்ஸ் ஒத்துக்கொள்ள நாலு மெயில் ஆச்சு.

தோல்_ஷாப் ஐயா யோசனைப்படி காலையில் ரெண்டு மணி நேரம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருத்தர் கோடு போடுவதை ஒருத்தர் பார்ப்பது. மத்தியானம் ஆம்பூர் பிரியாணி. சாயங்காலம் விருப்பப்பட்டவர்கள் வேலூர்க் கோட்டைக்கு.

#13 பாலாறு_மணல்

டி-ஷர்ட் இல்லையே?

#14 வெயிலூரான் (சத்துவாச்சாரி)

இல்லை.

#15 வெயிலூரான் (சத்துவாச்சாரி)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நல்லது கெட்டது ரெண்டும்.

கெட்டது முதலில். ஹாலில் இருந்த புரொஜெக்டர் எங்கள் லேப்டாப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. பிரியாணி பன்னிரண்டரைக்கு என்று சொல்லி ஒன்றே முக்காலுக்கு வந்தது. சீரகச் சம்பா நன்றாகவே இருந்தது, ஆனால் கத்திரிக்காயை மறந்துவிட்டார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கின மாவட்டத்தில் கத்திரிக்காய் இல்லாமல் பிரியாணி! திருப்பத்தூர்க்காரர் ரெண்டு பஸ் மாறி வந்து சேரும்போது மணி பதினொன்று.

இப்போது நடந்தது. ஜோடி போடும்போது வேண்டுமென்றே வேறு வேறு ஆடிட்டருக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்த்தேன். ஆரணிப் பெண்ணும் சித்தூர்ப் பையனும் ஒரு ஜோடி. ரெண்டு பேருமே 97, 98 வாங்குபவர்கள். அவள் கோடு போட, அவன் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சார்ட்டில் நோயாளிக்கு மார்பகப் புற்றுநோய், மூன்று வருஷம் முன்னால் ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது லெட்ரோசோல் மாத்திரை ஓடுகிறது. அவள் யோசிக்காமல் சி50 போட்டாள், அதாவது புற்று இன்னும் சிகிச்சையில் இருக்கிறது என்று. அவன், "அக்கா, இது இசட்85.3 இல்லையா?" என்றான். அதாவது முன்பு இருந்தது, இப்போது இல்லை என்ற கோடு. "மாத்திரை ஓடுதே?" என்றாள். "அது திரும்பி வராம இருக்கத்தானே?" என்றான்.

எனக்குப் பக்கென்றது. எல்லாரையும் கேட்டேன். பாதிப் பேர் அப்படி, பாதிப் பேர் இப்படி. எத்தனை மாதமாக என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது. விதி என்ன? மாத்திரை சிகிச்சைக்காக என்றால் சி50, தடுப்புக்காக என்றால் இசட்85.3. எதற்காக என்று டாக்டர் எழுதவில்லையென்றால் நாமாக ஊகிக்கக் கூடாது, கேட்டு எழுத வேண்டும். ரெண்டு தரப்புமே கேட்காமல் ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறோம். இந்த ஆடிட்டருக்கு இந்தப் பழக்கம், அந்த ஆடிட்டருக்கு அந்தப் பழக்கம். அவரவர் ஆட்களுக்கு அவரவர் சரி என்று டிக் அடித்திருக்கிறார்கள்.

அப்புறம் கேமரா போடாத பெண். வந்தார். சாட்டில் எதைக் கேட்டாலும் "கே" என்று ஒரே எழுத்தில் பதில் வரும். திமிர் என்று நான் நினைத்திருந்தேன், இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. டீ குடிக்கும்போது வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் பட்டை. பத்து மணி நேரம் மவுஸ் பிடித்து நரம்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. டைப் அடிக்க வலிக்கும் என்பதால் சுருக்கமாக அடித்திருக்கிறார். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "நீங்க கேக்கலையே சார்" என்றார்.

நாலு மணிக்குக் கோட்டைக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். சித்தூர்ப் பையன் கோட்டையை அதற்குமுன் பார்த்ததில்லை. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிய பழைய கிண்டலைச் சொன்னேன். 2021 நவம்பரில் பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடியது, 1981இல் ஜலகண்டேஸ்வரரும் கோட்டைக் கோயிலுக்குள் வந்துவிட்டார், இப்போது மிச்சம் ராஜாவும் மரமும்தான் என்று ஆம்பூர்க்காரர் திருத்தினார். அகழி ஓரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதனால் என்ன லாபம் என்று மேலிடம் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

#16 பாலாறு_மணல்

டி-ஷர்ட் போடாததற்கு முதலில் வாழ்த்து.

ஆனால் அந்த மாத்திரை விஷயம் வாராந்திர வீடியோ காலிலேயே வந்திருக்கலாமே? திரையைப் பகிர்ந்து ஒருத்தர் கோடு போட, மற்றவர்கள் பார்த்தால் போதாதா? ஹாலும் பிரியாணியும் எதற்கு?

#17 வெயிலூரான் (சத்துவாச்சாரி)

நியாயமான கேள்வி. வாராவாரம் கால் நடக்கத்தான் செய்தது. ஒவ்வொரு தடவையும் "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். சந்தேகம் இருந்தால்தானே கேட்பார்கள்? ரெண்டு பேருக்கும் அதில் சந்தேகமே இல்லை. அவள் கை யோசிக்காமல் சி50 அடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் அவன் வாயைத் திறந்தான். திரையைப் பகிரச் சொன்னால் என்ன சார்ட் காட்டியிருப்பாள்? கஷ்டமான சார்ட். இது அவளுக்குச் சுலபமான சார்ட்.

இனிமேல் திரைப் பகிர்விலும் சுலபமானதையே காட்டச் சொல்லப் போகிறேன். அதில் நீங்கள் சொல்வது சரி.

#18 ஜங்ஷன்_காபி (காட்பாடி)

உங்கள் ரெண்டு ஆடிட்டர் கதை பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. மைக்ரோசாஃப்டில் 61,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் 2020இன் முதல் பாதியில் யாரோடு தொடர்பு வைத்தார்கள் என்ற கணக்கு 2021இல் வெளிவந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அவரவர் குழுவுக்குள் நெருக்கம் கூடிவிட்டது, குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே இருந்த இழைகள் தளர்ந்துவிட்டன. உள்ளே இருப்பவருக்குக் குறை ஒன்றும் தெரியாது.

#19 குடியாத்தம்_அக்கா

தம்பி, 14 பேரும் வந்தார்களா? நீங்கள் எழுதவே இல்லையே.

#20 வெயிலூரான் (சத்துவாச்சாரி)

13 பேர். ஆர்க்காட்டுப் பெண் வரவில்லை. அவங்க அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், செவ்வாயும் அதில் ஒன்று. எனக்கு முன்பே தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு மத்தியானம் குரூப்பில் யாரோ பிரியாணி போட்டோக்களை வரிசையாகப் போட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டார். மறுநாளிலிருந்து குரூப்பில் முன்னைவிடக் கம்மியாகப் பேசுகிறார். நேரில் ஒரு தடவை பார்த்துக்கொண்ட 13 பேருக்குள் புதுசாக ஒரு சிரிப்பு ஓடுகிறது, அதில் அவர் இல்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

#21 பேசாமடந்தை

போட்டோக்களை அன்றைக்கு அனுப்பாமல் இருந்திருக்கலாம். அடுத்த கிழமையை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். கேட்காமல் நீங்களாக வைக்காதீர்கள்.

வட்டம் வைக்காததற்கு நன்றி. நான் உங்கள் டீம் இல்லை, இருந்தாலும்.

#22 வெயிலூரான் (சத்துவாச்சாரி)

கேட்டேன். புதன் அல்லது வெள்ளி என்றார். குடியாத்தத்தில் அத்தை வீடு இருக்கிறது, அந்தப் பக்கம் வைத்தால் அம்மாவையும் கூட்டிவந்து அங்கே விட்டுவிட்டு வர முடியும் என்றார்.

அக்கா, குடியாத்தத்தில் 14 பேர் உட்கார இடம் கிடைக்குமா? ஏசி வேண்டாம். நெட் வேண்டும், பெண்களுக்குச் சுத்தமான கழிவறை கட்டாயம்.

#23 குடியாத்தம்_அக்கா

எங்கள் தெருப் பக்கம் நெசவாளர்கள் கூடும் ஒரு கூடம் இருக்கிறது. ஃபேன் ரெண்டுதான், அதில் ஒன்று சத்தம் போடும். கழிவறை போன வருஷம் கட்டியது, நானே போய்ப் பார்த்துச் சொல்கிறேன். சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கட்டுமா? கத்திரிக்காய் என் பொறுப்பு.